நாலு தூண் சார்

சங்கரன்கோவிலில் போய் மகாராஜா வீடு எது என்று கேட்டால், எந்த மகாராஜா என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு மகாராஜா இருப்பார்கள். வேதக்கோயில் கட்டுகிற நாலு தூண் சார் என்று கேட்டால்தான், ராஜபாளையம் ரோட்டில் உரக்கடைக்கு மேலே இருக்கிற மாடியைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, "ஆனா ஆளு இருக்க மாட்டாரே" என்றும் சொல்லி வைப்பார்கள்.

அது உண்மைதான். மனிதருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவார். சாம்பார் வருவதற்குள் எழுந்துபோய் மண்டபத்துத் தூணை விரலால் தட்டிக்கொண்டிருப்பார். ஆடித்தபசு அன்று ஊரே கோமதி அம்மனைப் பார்க்கக் கூடி நிற்கும்போது, இவர் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு, எங்கோ ஒரு மாதா கோயிலில் கான்கிரீட் போடுகிறார்கள் என்று பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். கட்டி முடித்த கோயிலையும் விடமாட்டார். மழை பெய்தால் ஒழுகுகிறதா என்று பார்க்கப் போவார். வெயில் அடித்தால் வெடித்திருக்கிறதா என்று பார்க்கப் போவார்.

"பெத்த பிள்ளையளக்கூட இப்பிடிப் போய்ப் பாக்கல. ஒரு எடத்துல இருக்கப் போறியளா, இல்லயா?" என்பாள் பிரேமலதா. அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் அதட்டினால் வகுப்பு அடங்கும், புருஷன் மட்டும் அடங்குவதில்லை.

மகாராஜாவின் சொந்த ஊர் குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த காடு. மதுரையில் ஆர்க்கிடெக்ட் படிப்பு படித்தார். அது என்ன படிப்பு என்று அவர் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கொத்தனாருக்குப் படித்திருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். படித்துவிட்டு வந்து சங்கரன்கோவிலில் போர்டு மாட்டினால், வீடு கட்ட வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பக்கத்து வீடு மாதிரி வேண்டும், அதைவிட ஒரு அடி உயரமாக வேண்டும். இதற்கு எதற்குப் படித்தோம் என்று மகாராஜா நொந்துபோயிருந்த நாளில்தான் இளையரசனேந்தல் பக்கத்து மிக்கேல்குளத்துப் பங்குச் சாமியார் மாடி ஏறி வந்தார். கூரைக் கோயில் இற்றுப்போய்விட்டது, சின்னதாக ஒரு கோயில் கட்ட வேண்டும் என்றார். மகாராஜாவுக்கு அப்போது இருபத்தாறு வயது.

அதுவரை அவர் ஒரு வேதக்கோயிலுக்குள் காலை வைத்ததில்லை. தெரிந்ததை வைத்து வரைந்துகொண்டு போனார். முன்னால் மண்டபம், கடைசியில் கருவறை மாதிரி ஓர் இருட்டறை, ஒரே ஒரு ஒடுக்கமான வாசல், அதற்குள்ளே பீடம். சாமியார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, உங்க கோயில்ல சாமி உள்ள இருக்கும், நீங்க எட்டிப் பாப்பிய. எங்களுக்கு அப்பிடி இல்ல. பீடத்துல நான் என்ன செய்யுதேன்னு கடைசில இருக்க பிள்ளைக்கும் தெரியணும்."

மகாராஜாவுக்கு அது பிடித்திருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கோயில். அன்றைக்கே சுவரை அழித்துவிட்டு வேறு படம் போட்டார். முப்பதடி அகலம், நடுவில் ஒரு தடங்கல் கிடையாது.

கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோதுதான் பிடித்தது வினை. பார்க்க வந்தவன், போனவன் எல்லாம், "கரிசல் மண்ணுலா, கட்டடத்த முழுங்கிருமே" என்று ஆளுக்கொரு பிடி பயத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். முதல் கட்டடம். உள்ளே சனம் இருக்கும்போது கூரை இறங்கினால்? மகாராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அஸ்திவாரத்தை இரண்டு மடங்கு ஆழமாக்கினார். அப்படியும் மனசு ஆறாமல், தேவையே இல்லாத இடத்தில், கோயிலுக்குள்ளேயே நாலு தூணை நட்டுவைத்தார். தூண் என்றால் சாதாரணத் தூண் இல்லை, ஆள் கட்டிப்பிடிக்கிற தடிமன்.

கோயிலை மந்திரித்துத் திறந்துவைக்க ஆயர் வருகிற அன்று, சாமியார் உள்ளே நின்று, "அது சரி தம்பி, இந்த நாலு தூணு எதுக்கு?" என்று கேட்டார். பயத்துக்கு வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கோயில் கட்ட ஒத்துக்கொண்டதிலிருந்து மகாராஜா பைபிள் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று, "நாலு நற்செய்தியாளர்கள் ஃபாதர். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்" என்றார்.

சாமியார் உருகிவிட்டார். ஆயரிடம் சொன்னார். ஆயர் பிரசங்கத்தில் சொன்னார். ஓர் இந்துப் பிள்ளைக்கு இருக்கிற விசுவாசத்தைப் பாருங்கள் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதிலிருந்து பிடித்தது அதிர்ஷ்டம். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்ப் பங்கில் கோயில் கட்டினாலும், "மிக்கேல்குளத்துல கட்டுன சாரக் கூப்பிடுங்க, எங்களுக்கும் நாலு தூணு வேணும்" என்று வந்தார்கள். இவரும் கட்டிக் கொடுத்தார். கை தேறியபிறகு தூண்களைச் சுவரோடு ஒட்டிவைத்து யாருக்கும் மறைக்காமல் பார்த்துக்கொண்டார். உள்ளே நடுவில் நிற்கிற தூண்கள் மிக்கேல்குளத்தில் மட்டும்தான்.

புதுக்கோயில் கட்ட வேண்டுமானால் பழையதை இடிக்க வேண்டும். எத்தனையோ இடித்தார். ஓர் ஊரில் பழைய கோயிலை இடிக்கும்போது, அதைக் கட்டிய கிழட்டு என்ஜினியர் எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் இவர் எதற்கு வந்து நிற்கிறார் என்று மகாராஜாவுக்குப் புரியவில்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணாச்சி, தூசி அடிக்கும், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவைத்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

வந்தது. மிக்கேல்குளத்திலிருந்தே வந்தது. இப்போதைய பங்குத்தந்தை ஃபாதர் ததேயுஸும், பங்குப் பேரவைத் துணைத்தலைவர் வியாகப்பனும் ஒருநாள் மாடி ஏறி வந்தார்கள். வியாகப்பன் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். மனசில் பட்டதை மடக்கிவைக்கத் தெரியாதவர்.

"சார், கோயிலு பத்தல. திருவிழாவுக்குத் திருப்பூர்க்காரங்க, துபாய்க்காரங்க எல்லாம் வந்துட்டா பாதிச் சனம் வெயில்ல நிக்கி. பெருசா கட்டிருவோம். நீங்கதான் கட்டுனிய, நீங்களே இடிச்சிக் கட்டிக் குடுத்துருங்க."

இதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார். மகாராஜாவுக்குத்தான் யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியமாதிரி இருந்தது. மாட்டேன் என்று சொன்னால் நாகர்கோவிலிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவருவார்கள். அவன் ஒரே நாளில் இடித்துவிடுவான். சரி என்றால் தன் கையாலேயே தன் முதல் கோயிலை இடிக்க வேண்டும். சரி என்றுதான் சொன்னார். சொல்லும்போதே அவருக்குள் ஒரு கள்ளத்தனமும் ஓடிக்கொண்டிருந்தது.

"பழையத இப்ப இடிக்க வேண்டாம் ஃபாதர். அத உள்ள வச்சி, சுத்திப் புதுக்கோயில எழுப்பிருவோம். அதுவரைக்கும் ஞாயித்துக்கெழமைப் பூசை நிக்காம நடக்கும். மேல கூரை போட்ட பெறகு பழைய கோயில உடைச்சி, பெரிய வாசல் வழியா வெளிய அள்ளிரலாம்."

இப்படிக் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஃபாதருக்குச் சந்தோஷம். மகாராஜா மனசில் போட்டிருந்த கணக்கு வேறு. பெரிய கோயில் சுற்றி எழும்பி, அதற்குள் குஞ்சு மாதிரிப் பழைய கோயில் நிற்பதைப் பார்த்தால் சனங்களுக்கே மனசு இளகிவிடும். இதை இடிக்க வேண்டாமே என்று அவர்களே சொல்வார்கள். சொன்னால் முன்சுவரையும் பக்கச்சுவரையும் மட்டும் எடுத்துவிடலாம். நாலு தூணும் மேல்தளமும் பீடத்துக்கு ஒரு மண்டபமாக அப்படியே நின்றுவிடும். அதற்கு ஏற்ற மாதிரிதான் புதுக்கோயிலின் அளவையே போட்டிருந்தார். ஆனால் அவர்களாகச் சொல்ல வேண்டும். தானாகக் கேட்கமாட்டார். என் கோயிலை இடிக்காதீர்கள் என்று எந்த வாயால் கேட்பது? எத்தனை பேர் கோயிலை இடித்த வாய் அது.

சுவர் எழும்ப எழும்ப மனிதருக்குக் கால் தரிக்கவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மிக்கேல்குளத்துக்குப் பைக் ஓடியது. வேலையைப் பார்க்கிற மாதிரி நின்று, சனங்கள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே இருப்பார். அவர்கள் டைல்ஸ் கலரைப் பற்றிப் பேசினார்கள். மணிக்கூண்டு பக்கத்து ஊரைவிட உயரமா என்று கேட்டார்கள். பழையதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "சார், இத எப்ப இடிப்பிய? நடக்க எடமில்லாம இருக்கு."

"வாயத் தொறந்து கேட்டுத் தொலைங்களேன்" என்றாள் பிரேமலதா. "இப்பிடிக் குட்டி போட்ட பூனையா அலைஞ்சா அவுகளுக்கு என்ன தெரியும்?"

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தார். கைக்காசைப் போட்டுப் பழைய கோயிலுக்குப் பளிச்சென்று வெள்ளையடித்தார். இடிக்கப் போகிறதுக்கு எதற்கு சார் வெள்ளை என்று வியாகப்பன் வாயைப் பிளந்தார். அழுக்காக இருப்பது கண்ணை உறுத்துகிறது என்று மகாராஜா மழுப்பினார்.

சும்மா சொல்லக் கூடாது, தூண்டில் வேலை செய்தது. மேலே பெரிய இரும்புக் கூரை ஏறியதும், அதன் நிழலில் அந்தச் சின்ன வெள்ளைக் கோயில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. யாரோ ஒரு பையன் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டான். துபாயிலிருந்து ஒருவர், சின்ன வயதில் நான் புதுநன்மை வாங்கிய கோயில், இடிக்காதீர்கள் என்று அழுகைப் பொம்மை போட்டார். திருப்பூரிலிருந்து இன்னொருவர், எங்கள் கல்யாணம் நடந்த கோயில் என்றார். அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் போட்டுப் பேசலாம், நீங்களும் வந்துவிடுங்கள் என்று ஃபாதர் ததேயுஸ் போன் செய்தார். மகாராஜா அன்றைக்கு வீட்டில் பாட்டுப் பாடினார். பிரேமலதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத்தான் போக வேண்டும், பூசைக்கே போய்விட்டார். வீட்டில் இருந்தால்தானே. பூசை தொடங்கியிருந்தது. பழைய சுவருக்கும் புதுச்சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் நடந்து, பெண்கள் பக்கத்துச் சைடு வாசலில் போய் நின்றார்.

வாசலை ஒட்டிப் பின்பக்கத் தூண். அந்தத் தூணுக்குப் பின்னால் தரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள், தாமதமாக வந்தவர்கள். எல்லாருக்கும் முன்னால், தூணைப் பார்த்தபடி ஒரு வயசான அம்மாள். சந்தியாகம்மாள் என்று பெயர், ஆடு வைத்திருக்கிறவள். அவள் கண்ணுக்கு நேரே ஒரு முழத்தில் சுண்ணாம்புதான் இருந்தது. மகாராஜா மெதுவாகக் குனிந்து அவள் தலை மட்டத்துக்கு வந்து பார்த்தார். பீடம் இல்லை. சாமியார் இல்லை. தான் கைக்காசு போட்டு அடித்த வெள்ளைதான் தெரிந்தது.

மணி அடித்தது. தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்தச் சத்தத்துக்கு முழங்கால் போட்டுக் கும்பிட்டார்கள். தூணைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

பூசை முடிந்து எழுந்தபோது மகாராஜா அவளிடம் கேட்டார். "ஏம்மா, இங்கன உக்காந்தா ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாது சார். அதான் மணி அடிப்பாகள்லா."

"முன்னால போய் உக்காரலாமே?"

"தொழுவத்துல இருந்து நேரா வாரேன். ஆட்டு வாடை அடிக்குன்னு மூக்கப் பொத்துவாளுவ. எனக்கு லூக்காகிட்டதான் தோது. நீங்க கோயிலு கட்டுன நாள்ல இருந்து இங்கனதான் இருக்கேன்."

"லூக்காவா?"

"ஆமா, இந்தத் தூணு லூக்கா. அது மாற்கு. முன்னால நிக்கது மத்தேயு, யோவான். நீங்கதான பேரு வச்சிய?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மகாராஜாவுக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. ஒரு பயந்தாங்கொள்ளி நட்ட தூணுக்கு நற்செய்தியாளர் பெயரை வைத்து, அதற்குப் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, கால் நூற்றாண்டாக ஒரு பொம்பளையைத் தூணைப் பார்த்துக் கும்பிட வைத்திருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை தடவை இங்கே வந்தோம், ஒழுகுகிறதா, வெடிக்கிறதா என்று பார்த்தோம். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்க்கவில்லையே.

கூட்டம் கூடியது. ஃபாதர் ததேயுஸ் எழுந்து, மகாராஜா மாதக்கணக்காகக் காத்துக் கிடந்த வார்த்தையைச் சொன்னார்.

"சார், சனங்க எல்லாரும் ஒரே மனசா கேக்காங்க. பழைய கோயில இடிக்க வேண்டாம். சுவர மட்டும் எடுத்துட்டு, நாலு தூணையும் பீடத்துக்கு மண்டபமா வச்சிக்கிடலாமா? உங்க நெனைவாவும் இருக்கும். முடியுமா?"

முடியுமாவா! அதற்குத்தானே அளவே போட்டிருக்கிறது. கூட்டம் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. மகாராஜா எழுந்து நின்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். உட்காரப் போனார், மறுபடி நின்றார்.

"முடியும் ஃபாதர். ஆனா வேண்டாம். இடிச்சிருவோம்."

கசமுசாவென்று சத்தம் எழும்பியது.

"என்ன சார் இப்பிடிச் சொல்லுதிய? நாங்களே வேணுங்கோம், கட்டுன நீங்க வேண்டாங்கிய" என்றார் வியாகப்பன்.

"தூணு மறைக்குது. பக்கத்துல, பின்னால உக்காருதவங்களுக்குப் பீடம் தெரியாது. பெரிய கோயிலு ஆனா இன்னும் நெறைய பேருக்குத் தெரியாது."

"மறைச்சா மறைச்சிட்டுப் போட்டும். இவ்வளவு நாளா மறைக்கத்தான செஞ்சிது? எங்களுக்குப் பழகிட்டு."

வியாகப்பன் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தச் சொல்தான் மகாராஜாவை மிச்சம் இல்லாமல் உடைத்தது.

"பழகிட்டுல்லா? அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். "அந்த நாலு தூணும் தேவையே இல்ல ஃபாதர். அன்னைக்கும் தேவையில்ல. கூரை விழுந்துருமோன்னு பயந்து வச்சேன். மத்தேயு, மாற்கெல்லாம் நீங்க கேட்டப்ப வாயில வந்தது."

"நான் கேக்கலயே சார், நான் அப்ப ஆறாங்கிளாஸ்" என்றார் ஃபாதர் ததேயுஸ். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. அதுவும் மகாராஜாவுக்குத் தாங்கவில்லை.

நற்கருணைப் பேழையையும் சுரூபங்களையும் எடுத்துப் பள்ளிக்கூட ஹாலில் வைத்தார்கள். பூசையும் கொஞ்ச நாளைக்கு அங்கேயே நடந்தது. இடிப்பு தொடங்கியது. சுவர்கள் அப்பளமாக நொறுங்கின. மேல்தளமும் இறங்கியது. தூண்கள்தான் அசைவேனா என்றன. பயந்தவன் போட்ட கம்பி அத்தனை கம்பி. மெஷின்காரர் முக்கி முக்கிப் பார்த்துவிட்டு, "எந்தப் பாவி சார் இதக் கட்டுனான்?" என்றார். நான்தான் என்றார் மகாராஜா. கடைசியாக விழுந்தது லூக்கா. அது விழுந்தபோது அவர் அழுதார். தூசி விழுந்து கண் கலங்கியது என்று யாரும் நினைக்க வேண்டாம், வாயைப் பொத்திக்கொண்டு நன்றாகவே அழுதார். மெஷின்காரர் இறங்கிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

புதுக்கோயிலில் பூச்சு வேலை இன்னும் பாக்கி இருந்தது. ஆனாலும் சனங்கள் பொறுக்கவில்லை. தரையைக் கழுவி, பீடத்தை நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளேயே பூசை வைத்துவிட்டார்கள். மகாராஜாவும் போயிருந்தார். எழுபதடி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. அந்த வெட்டவெளியைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பழைய பயம் வந்துவிட்டது. பூசை நடந்துகொண்டிருக்கும்போதே சுவர் ஓரமாக நடந்தார், மைக் சத்தம் எதிரொலிக்கிறதா என்று கேட்டார், ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார். மேலே இரண்டு இரும்புச் சட்டங்கள் சேருகிற இடத்தில் ஒரு போல்ட்டு சரியாக முறுக்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அண்ணாந்தபடியே தள்ளித் தள்ளி வந்து, கோயிலுக்கு நடுவில் நின்றுவிட்டார். சுற்றிலும் இருந்தவர்கள் முழங்கால் போட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெரிய கோயிலில் நின்றுகொண்டிருந்தது பீடத்தில் சாமியார் ஒருவர், இங்கே இவர் ஒருவர்.

யாரோ அவர் பேன்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தார். சந்தியாகம்மாள்தான். தாமதமாக வந்து, பழைய இடத்துக்கு நேராகப் போய் முழங்கால் போட்டிருந்தாள். இழுத்த கை மறுபடி கூப்பி இருந்தது, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து ஒடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், உக்காருங்க" என்றாள். "மறைக்கிய."

மகாராஜா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.